வெயிலில் கணக்குத் தப்பிய சக்கரம்

எங்கள் பக்கத்தில் பேருந்தில் ஏறினால் பாதிப் பேர் பாஸ்போர்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்த காலம் அது. கம்ப்யூட்டர் படித்தவர்கள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். படிக்காதவர்கள் குவைத்துக்குப் போனார்கள், அதிலும் முக்கால்வாசி பெண்கள். நான் அப்போது திருப்பதியில் எலக்ட்ரானிக்ஸ் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் நகரி, வீட்டில் விசைத்தறி. இந்தச் சம்பவம் நடந்தது சித்தூரில்.

விடுதியில் என் அறைத்தோழி சித்தூர்க்காரி. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு ரோபோ செய்தோம். ரோபோ என்றதும் கை கால் முளைத்த பொம்மையை நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது ஒரு தள்ளுவண்டி மாதிரி இருக்கும், ஆனால் யாரும் தள்ள வேண்டாம். தறிக்கூடத்தில் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, நூல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்துக்குள் வளைந்து வளைந்து போவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த யோசனை அது. மூட்டையை ஏற்றி வைத்தால் தானே நேராகப் போய், திரும்பி, நின்ற இடத்துக்கே வர வேண்டும். லாரிக் கண்ணாடியைத் துடைக்கும் பழைய வைப்பர் மோட்டார்கள் இரண்டும், உடைந்த மொபெட்டின் சக்கரங்கள் இரண்டும் கிடைத்தன. ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்தோம். வண்டி ஓடியது, ஆனால் நேராக ஓடவில்லை. இரண்டு மோட்டாரில் ஒன்று சோம்பேறி. எப்படி விட்டாலும் வண்டி ஒரு பக்கமாக வளைந்து போய்ச் சுவரில் முட்டும்.

நேராகப் போக வேண்டுமானால் எந்தச் சக்கரம் எவ்வளவு சுற்றியது என்பது வண்டிக்குத் தெரிய வேண்டும். அதற்கென்று சுழற்சியை எண்ணும் சென்சார் விற்கிறார்கள். ஆனால் எங்களைப் போன்ற மாணவிகளின் கைக்கு எட்டுகிற பொருள் அல்ல அது. வழி காட்டியது மவுஸ்தான். வயிற்றுக்குள் ரப்பர் உருண்டை வைத்த பழைய மவுஸ்களை அலுவலகங்கள் எல்லாம் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த நேரம். சித்தூரில் ஒரு பழைய சாமான் கடையில், வால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த மவுஸ் மூட்டையே இருந்தது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம். உருண்டையை ஒட்டி இரண்டு தண்டு. தண்டின் நுனியில் காசு அளவுக்கு ஒரு சக்கரம், சுற்றிலும் சீப்பு மாதிரி பல். பல்லுக்கு ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடுகிற சின்ன விளக்கு, மறுபக்கம் அந்த ஒளியைப் பார்க்கிற சின்னக் கண். சக்கரம் சுற்றும்போது பல் வந்தால் இருட்டு, இடைவெளி வந்தால் வெளிச்சம். அந்த இருட்டையும் வெளிச்சத்தையும் எண்ணினால் எவ்வளவு சுற்றியது என்று தெரிந்துவிடும்.

காசு அளவுச் சக்கரம் எங்கள் வண்டிக்குப் போதாது. அதனால் மாம்பழக்கூழ் டப்பாவின் தகர மூடியை எடுத்துக்கொண்டு, தங்க வேலை செய்கிற என் தோழியின் மாமாவிடம் போனோம். நகையில் பூவேலை அறுக்கும் மெல்லிய ரம்பத்தால் அவர் அந்த மூடியின் விளிம்பில் பல் பல்லாக அறுத்துக் கொடுத்தார். இரண்டு மூடி, இரண்டு சக்கரத்துக்கு. மவுஸிலிருந்து பிடுங்கிய விளக்கையும் கண்ணையும் இருபுறமும் பசை வைத்துப் பொருத்தினோம். ஆய்வகத்தில் சக்கரத்தைக் கையால் உருட்டினேன். திரையில் எண்கள் ஏறின. பின்னால் உருட்டினேன், எண்கள் இறங்கின. நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்ததில் பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் பயந்துவிட்டார்கள்.

அதன் பிறகு வண்டியின் மூளைக்கு ஒரே ஒரு கட்டளை எழுதினேன். எந்தச் சக்கரம் பின்தங்குகிறதோ, அதற்குக் கூடுதல் விசை கொடு. அவ்வளவுதான். வண்டி கல்லூரித் தாழ்வாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, தரையில் கோடு போட்டது மாதிரி போய்த் திரும்பியது. எத்தனை முறை ஓட்டினோமோ, கணக்கே இல்லை. ஒருமுறையும் தவறவில்லை.

சித்தூரில் ஒரு பள்ளி மைதானத்தில் அறிவியல் கண்காட்சி நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று எங்கள் கல்லூரியையும் அழைத்திருந்தார்கள். மைதானத்தில் ஷாமியானா பந்தல். முன்னால் பிள்ளைகள் ஜமக்காளத்தில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பந்தலின் ஓரத்தில் கம்பங்களை ஒட்டித் தாய்மார்கள் நின்றிருந்தார்கள். காலையில் வண்டியை ஓட்டிக் காட்டினோம். மூடி பிரிக்காத பெரிய மாம்பழக்கூழ் டின்களை அடுக்கி ஏற்றி, அது போய்த் திரும்பியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். மத்தியானத்துக்கு மேல் இன்னொரு பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். மறுபடியும் ஓட்டச் சொன்னார்கள்.

சுவிட்சைத் தட்டினேன். வண்டி மெதுவாகக் கிளம்பியது. பாதி தூரம் போயிருக்கும். திடீரென்று ஒரு மோட்டாரின் சத்தம் ஏறியது. நான் கேட்டுப் பழகிய சத்தம் இல்லை அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி பாதையை விட்டு வளைந்து, பிள்ளைகள் இருந்த பக்கம் திரும்பியது. நிற்கவில்லை. வேகம் கூடிக்கொண்டே போனது. நான் ஓடினேன். நிறுத்தும் சுவிட்ச் வண்டியின் பின்புறம் இருந்தது. எட்டிப் பிடிக்கப் போனேன், கைக்கு அகப்படவில்லை. என் தோழி தெலுங்கில் லேவண்டி லேவண்டி, எழுந்திருங்கள், என்று கத்தியது கேட்டது. பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் அதுவும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

கம்பத்தை ஒட்டி நின்றிருந்த ஒரு பெண் குறுக்கே பாய்ந்தாள். இரண்டு கைகளாலும் டின்களைப் பிடித்துத் தள்ளி, ஒரு காலை வண்டியின் சட்டத்தில் ஊன்றினாள். வண்டி கொஞ்சம் திசை மாறியது. ஆனால் அவளைத் தள்ளிக்கொண்டே போய், பந்தல் கம்பத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் அவளுடைய காலை வைத்து நசுக்கியது. அப்படியும் விடவில்லை. மேலே போக வழியில்லாமல் சக்கரங்கள் மண்ணைப் பறித்துக்கொண்டு சுற்றின. ஏதோ உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரும்பு இல்லை என்பது கேட்டவுடனே தெரிந்தது.

நான் வண்டியின் மேல் குனிந்தேன். என் நிழல் சக்கரத்தின் மேல் விழுந்தது. அந்தக் கணமே மோட்டாரின் சத்தம் இறங்கிப்போனது. பேட்டரி ஒயரை இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்தேன்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் பந்தலுக்குள் நிழல். மத்தியானம் சூரியன் சாய்ந்ததும் பந்தலுக்கு அடியில் வெயில் புகுந்து ஒரு பக்கச் சக்கரத்தில் நேராக அடித்திருக்கிறது. மவுஸின் வயிற்று இருட்டிலேயே வாழ்ந்த கண் அது. வெயில் பட்டதும் அதற்குப் பல்லும் தெரியவில்லை, இடைவெளியும் தெரியவில்லை, எல்லாமே வெளிச்சம். எண்ணிக்கை நின்றுவிட்டது. சக்கரம் சுற்றவே இல்லை என்று வண்டி நினைத்தது. பின்தங்குகிற சக்கரத்துக்குக் கூடுதல் விசை கொடு என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேனே. அது கொடுத்தது. இன்னும் கொடுத்தது. தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்த வண்டி, தான் நகரவே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தப் பெண் சத்தம் போட்டு அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில்தான் வலி தெரிந்தது. அவளுடைய மகள், இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கிற சின்னப் பெண், சீருடையோடு எதிரே உட்கார்ந்து அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் அவளும் ஒருத்தி என்று பிறகுதான் தெரிந்தது.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்தப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள நடந்துடுவனா சார்?"

டாக்டர் சிரித்துவிட்டு, வெள்ளிக்கிழமை என்ன விசேஷம் என்று கேட்டார். சென்னையில் விமானம் ஏற வேண்டும், குவைத்தில் ஒரு வீட்டில் வேலை, விசா வந்துவிட்டது என்று அவள் சொன்னாள். டாக்டரின் சிரிப்பு நின்றது. கால் முறிந்ததோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய கணவன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன், போனவன்தான். மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புவதாக இருந்தவள், போவதற்கு முன் மகளின் பள்ளியில் நடக்கும் கண்காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"எம் பொண்ணு மொத வரிசைல குந்திக்கினு இருந்தா. வேற எதுவும் எனக்கு தெரியல. மிசினுக்கு இன்னா தெரியும், நீ அழுவாத. காத்தாலேர்ந்து நீ ஒண்ணும் துன்னல போலகீதே?"

கால் முறிந்து படுத்திருக்கிறவள், முறித்தவளைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளுடைய ஊர் காணிப்பாக்கம் போகும் வழியில் ஒரு சின்ன கிராமம். ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதியிலிருந்து பேருந்து பிடித்து அங்கே போக ஆரம்பித்தேன். சில வாரம் தோழியும் வருவாள். தண்ணீர் எடுத்து வைப்பது, கடைக்குப் போவது என்று என்னால் முடிந்ததைச் செய்தேன். முதல் தடவை போகும்போது இழவு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அந்த வீடு அப்படி இருக்கவில்லை. கட்டுப்போட்ட காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பாள். மகள் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு தெலுங்குப் பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். அம்மாவின் தலையைச் சீவிப் பின்னல் போடுவாள், கோணலாக இருந்தால் அவிழ்த்து மறுபடி போடுவாள். மாவுக்கட்டின் மேல் சாக்பீஸால் பூக்கோலம் போட்டு வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் வாயே திறக்காத பிள்ளை, வீட்டில் வாய் ஓயாமல் பேசினாள்.

என்னிடமும் ஒட்டிக்கொண்டாள். நான் ஒரு பழைய மவுஸைக் கொண்டுபோய் அவளுக்குப் பிரித்துக் காட்டினேன். பல் சக்கரத்தை விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, அந்த வண்டி ஏன் அம்மாவின் மேல் வந்தது என்று கேட்டாள். பிள்ளையிடம் மறைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. வெயில் பட்டால் அந்தக் கண்ணுக்குப் பார்வை தெரியாது, அதனால்தான் வண்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். நிழலில் வைத்தால் நல்ல வண்டியா என்று மட்டும் திருப்பிக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

கல்லூரியில் நாங்கள் அதைச் சரிசெய்துவிட்டோம். கேமரா பிலிம் வரும் கறுப்பு டப்பாவை வெட்டி ஒவ்வொரு சென்சாருக்கும் மூடி போட்டோம். எண்ணிக்கை நின்றால் உடனே மோட்டாரும் நிற்க வேண்டும் என்று கட்டளையை மாற்றி எழுதினேன். உச்சி வெயிலில் வைத்து ஓட்டினோம், ஒழுங்காக ஓடியது. ஆனாலும் ஆட்கள் நடுவில் அதை ஓட்டிக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தப் பக்கம் மாங்காய் வண்டிகள் போகத் தொடங்கியபோது அவளுக்குக் கட்டுப் பிரித்தார்கள். முதலில் சுவரைப் பிடித்து நடந்தாள், பிறகு கோலூன்றி, பிறகு சும்மா. ஏஜெண்ட் மறுபடியும் வந்தார். வேறொரு வீட்டில் இடம் இருக்கிறது, விசா வந்ததும் கிளம்ப வேண்டும் என்றார். இந்தச் செய்தியை அவளே சொன்னபோது எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. என்னால் கெட்டுப்போன வேலை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது. அன்று திரும்பும்போது பேருந்தில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அம்மா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, என் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதலில் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

"அக்கா, வெயில் நல்லா கீது. அந்த வண்டிய எட்த்துக்கினு வரியா?"

எதற்கு என்று கேட்டேன். விளையாடக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா கால் மேல ஏத்தறதுக்கு. இந்தவாட்டி இன்னொரு கால்ல." பிறகு ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "மெதுவா ஏத்துக்கா. ரொம்ப வலிக்க வேணாம்."

அந்த முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சாமியிடம் வேண்டிக்கொள்கிற முகம். நான் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் சரியாகப் புரிந்துகொண்டு, வெயில் அடிக்கும் நாளுக்காகக் காத்திருந்து கேட்டிருக்கிறாள்.

நிமிர்ந்தபோது வாசற்படியில் அவளுடைய அம்மா நின்றிருந்தாள். கையில் கரண்டி இருந்தது. எல்லாம் கேட்டுவிட்டாள் என்பது தெரிந்தது. மகளைக் கூப்பிட்டு, பெரியம்மா வீட்டில் மோர் வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். பிள்ளை தெருமுனையைத் தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் தடுமாறி, சின்னப் பிள்ளை, தெரியாமல் பேசிவிட்டாள் என்றேன்.

"எனக்கு தெரியும்மா," என்றாள் அவள். "கால் வலிக்குதுன்னு நான் சொன்னா அவ மொகமே மாறிடும். வலிச்சா நான் குவைத்துக்குப் போவ மாட்டன்னு அவ்ளோ சந்தோஷம். அதான் வலி போன பின்னாடியும் வலிக்குது வலிக்குதுன்னே சொல்லிக்கினு இருந்தன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாதத்தைக் கிளறினாள். நான் வெளியே நின்றேன். அவள் கோலூன்றி நடந்த அந்தக் கடைசி வாரங்கள் என் கண்முன் வந்தன. ஒவ்வொரு முறை அவள் முகத்தைச் சுளித்தபோதும் என் நெஞ்சு துடித்திருக்கிறது. அந்தச் சுளிப்பில் பாதி, மகளுக்காக.

அவள் போகத்தான் போனாள். போகாமல் இருக்க வழியில்லை. சித்தூர் பேருந்து நிலையத்தில் வழியனுப்ப நானும் இருந்தேன். மகள் அழவில்லை. அம்மா படியில் ஏறும்போது அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து நகர்ந்த பிறகு அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கீழே தன் காலைக் கையால் சுட்டிக் காட்டி, வலிப்பதுபோல முகத்தைச் சுளித்தாள். பிள்ளை சிரித்துவிட்டாள். என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

படிப்பு முடிந்து நானும் பெங்களூர் போனேன். இன்று வரை சுழலும் இயந்திரங்களோடுதான் வேலை. அந்த அம்மா சில வருடங்கள் கழித்து ஊரோடு திரும்பி வந்துவிட்டாள். மகள் வளர்ந்து, நர்ஸ் வேலைக்குப் படித்து, இப்போது வேலூரில் இருக்கிறாள். சென்ற வருடம் அவளுடைய கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சின்ன வயதில் எது சந்தோஷமான நாள் என்று யாரோ கேட்டதற்கு, அம்மாவுக்குக் கால் உடைந்து வீட்டில் இருந்த நாட்கள் என்று யோசிக்காமல் சொன்னாள். வேப்பமரத்தடியில் என்னிடம் கேட்டது அவள் நினைவில் இல்லை. நானும் நினைவூட்டவில்லை.

அந்த வீட்டுக்கு நான் இழைத்ததிலேயே பெரிய கேடு என்று எதை எண்ணி அத்தனை மாதம் அழுதேனோ, அதையே அந்தப் பிள்ளை இன்னொரு முறை தரச் சொல்லிக் கேட்டாள். அன்றிலிருந்து ஒரு வீட்டில் நடந்தது நல்லதா கெட்டதா என்று வெளியே நின்று சொல்லிவிட எனக்கு வாய் வருவதில்லை.